பூச்சு இல்லாத பொடி

மார்ச் 4

அன்புள்ள தம்பிக்கு,

இங்கே எல்லோரும் நலம். நீ அனுப்பிய சிலிக்கா நுண்பொடியைச் சோதித்துவிட்டேன். நுரையீரல் செல்களோடு மூன்று நாள் கலந்து வைத்தும், ஏறக்குறைய எல்லாம் உயிரோடு இருக்கின்றன. உன் தொழிற்சாலை ஆட்களுக்குப் புரியட்டும் என்று முடிவை ஒரே வரியில் எழுதி இணைத்திருக்கிறேன்: "இந்தப் பொடி செல்களைப் பாதிக்கவில்லை."

காரியம் என்றால்தான் உனக்கு அக்கா ஞாபகம் வருகிறது. வீட்டுப் பக்கம் தலைகாட்டி ஒரு வருஷமாகிறது.

உன் அக்கா

ஜூலை 19

அன்புள்ள அக்கா,

உன் தாளை மூட்டை கட்டும் கூடத்தில் ஒட்டினேன். புழுக்கத்தில் மாஸ்க் போட்டுத் தவித்தவர்கள் மறுநாளே கழற்றிவிட்டார்கள். முதலாளிக்கும் சந்தோஷம்.

அதே கூடத்தில் கலவை இயந்திரத்தில் நிற்கும் நெட்டையன் மட்டும் ஒரு மாதமாக இருமுகிறான். நுரையீரலில் அழற்சியாம். பொடியால்தானா என்று டாக்டரால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஒரு விஷயம். உனக்கு வந்தது துகள்மேல் பூச்சு போட்ட சரக்கு. கூடத்தில் ஓடுவது பூச்சு இல்லாதது. துகளின் அளவு ஒன்றுதான், வெள்ளையும் ஒன்றுதான். பரவாயில்லைதானே?

தம்பி

ஜூலை 24

தம்பி,

உன் கடிதம் கிடைத்ததும் ஆய்வகத்துக்கு ஓடினேன். அதே அளவுள்ள, பூச்சில்லாத பொடியை வைத்துப் பார்த்தேன். ஒரே நாளில் பாதி செல்கள் செத்துவிட்டன.

செல்லுக்கு முக்கியம் துகளின் அளவு மட்டுமல்ல, அதன் மேற்பரப்பும்தான். வெறும் சிலிக்காவின் மேலே உள்ள வேதிக்குழுக்கள் செல்லின் சவ்வில் ஒட்டி அதைச் சிதைக்கின்றன. பூச்சு அவற்றை மூடிவிடுகிறது. இது எனக்குத் தெரியும். சாம்பிளில் பூச்சு இருந்ததும் தெரியும். உன் சரக்கு முழுக்க அப்படித்தான் என்று நானே முடிவுகட்டி, 'பூச்சு போட்டதற்கு மட்டும்' என்று எழுதாமல் விட்டேன். அந்தப் பிழை என்னுடையது.

இன்றே எல்லோரையும் மாஸ்க் போடச் சொல். தாளைக் கிழித்துவிடு. இந்தக் கடிதத்தை அவர்களிடம் படித்துக் காட்டு.

தெரிந்தேதான் பூச்சு போட்டதை எனக்கு அனுப்பினாயா?

அக்கா

ஆகஸ்ட் 2

அக்கா,

தாளைக் கிழித்தேன். மாஸ்க் வந்துவிட்டது. கடிதத்தையும் படித்துக் காட்டினேன், உன் கடைசிக் கேள்வியைத் தவிர.

"பாஸாகுற மாதிரி ஒண்ண அனுப்பிடு" என்றார் முதலாளி. அனுப்பினேன். வேறு ஆய்வகமாக இருந்தால் நூறு கேள்வி கேட்டிருப்பார்கள். நான் கொடுத்தால் நீ கேட்கமாட்டாய் என்று தெரியும்.

என்னை மன்னித்துவிடு.

தம்பி

செப்டம்பர் 15

தம்பிக்கு,

நெட்டையனைப் பார்த்துவிட்டு வந்தேன். முதல் மாடி ஏறுவதற்குள் இரண்டு தடவை உட்கார்ந்துவிட்டார். என் தவறைச் சொன்னேன். "எழுதினது நீங்க. நாங்க நம்பினது உங்க தம்பியைத்தான்" என்றார். கோபமாகக்கூடச் சொல்லவில்லை.

நேற்று தொழிற்சாலை ஆய்வாளரிடம் இரண்டு முடிவுகளையும் கொடுத்தேன். என் பிழையை என் கையெழுத்திலேயே எழுதிக் கொடுத்தேன். அதோடு நிறுத்திக்கொள்ளலாம் என்றுதான் போனேன்.

சாம்பிளை யார் அனுப்பியது என்று கேட்டார். என் தம்பி என்றேன்.

அக்கா