அளவு ஜாக்கெட் வாங்காத கடை

சங்கரன்கோவில்
9.6.2025

அன்புள்ள லோசினிக்கு,

இசக்கிசெல்வி எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். நீ நலமா என்று கேட்க வேண்டிய அவசியம் இல்லை. தினமும் உன் முகத்தை, ஃபேஸ்புக்கில் நீ போடும் தையல் வீடியோவில் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கோயம்புத்தூர்த் தண்ணீர் உனக்கு ஒத்துப்போய்விட்டது, சதை போட்டிருக்கிறாய்.

போன் இருக்கும்போது இவள் ஏன் தபாலில் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் சொன்னால் உன் வீட்டுக்காரர் ஸ்ரீராம்குமார் ஸ்பீக்கரில் போட்டுக் கேட்கிறார். வாட்ஸ்அப்பில் எழுதினால் மறுநாள் அது வீடியோவாக வந்து நிற்கிறது. என் கையெழுத்தைப் படிக்க அவருக்குப் பொறுமை இருக்காது. அதனால்தான் காகிதம்.

போன வாரம் போட்டதைப் பார்த்தேன். ஆர்கன்சா துணி மிஷினில் வழுக்காமல் இருக்க, அடியில் செய்தித்தாளை வைத்துத் தைத்துவிட்டுப் பிறகு தாளைக் கிழித்து எடுப்பது. நன்றாகத்தான் சொல்லிக்கொடுத்தாய். கடைசியில் சிரித்துக்கொண்டே ஒன்று சொன்னாயே, "இது என் ஃப்ரெண்டு ஒருத்தி சொன்னது" என்று. ஒருத்தியா? தையல் வகுப்பில் மிஷின் பற்றாமல் ஒரே மிஷினை மாற்றி மாற்றி மிதித்துப் பழகினோம். உன் கல்யாண ஜாக்கெட்டைத் தைத்தவள் நான். நான் உனக்கு ஒருத்தியா?

உன் வீடியோவை ஊரெல்லாம் பார்க்கிறது. என் கடைக்கு எதிரே கண்ணாடிக் கதவு போட்டு, பொட்டிக் என்று தையல் கடை வைத்திருக்கும் ஜெயசித்ராவும் பார்த்தாள். மறுநாளே வாசலில் பொம்மைக்கு ஆர்கன்சா மாட்டிவிட்டாள். நம்ம ஊரில் ஆர்கன்சா என்றால் என்னிடம்தான் வருவார்கள். இனி அதுவும் போயிற்று.

சிவகிரியிலிருந்து ஒரு கல்யாணப் பெண் நேற்று தாம்பூலத்தோடு வந்திருந்தாள். "மால மாத்தும்போது கைய நல்லாத் தூக்க முடிஞ்சுதுக்கா. ஜாக்கெட்டு கொஞ்சங்கூட ஏறல" என்றாள். அந்தச் சொல்லுக்காகத்தான் நான் மிஷினில் உட்காருகிறேன். அதையும் வீடியோவில் போட்டுவிடாதே.

உன்,
இசக்கி

*

கோயம்புத்தூர்
17.6.2025

அன்புள்ள இசக்கிக்கு,

உன் கடிதத்தை நான் மட்டும்தான் படித்தேன். அவர் எட்டிப் பார்த்தார், "இது லேடீஸ் சமாச்சாரம்" என்று துரத்திவிட்டேன்.

"ஒருத்தி" என்று சொன்னது தப்புதான். உன் பெயரைச் சொன்னால் கண்டவர்களும் உனக்குப் போன் போட்டுத் தொல்லை செய்வார்கள், நீ என்னைத்தான் ஏசுவாய் என்று பயந்தேன். பெயரைச் சொல்லாததற்கும் ஏசுகிறாய். எப்படி இருந்தாலும் எனக்கு ஏச்சு நிச்சயம் என்று தெரிந்திருந்தால் பெயரைச் சொல்லிவிட்டே வாங்கியிருப்பேன்.

இப்போது நான் கேட்கப்போவதற்குக் கோபப்படாதே. என்னிடம் தையல் படித்த பொள்ளாச்சிப் பெண் ஒருத்தி முதன்முதலாகக் கல்யாண பிளவுஸ் எடுத்துத் தைத்தாள். கை முழுக்க ஆரி வேலை, நல்ல கனம். அளவு பிளவுஸை வைத்து அப்படியே வெட்டியிருக்கிறாள். மணமேடையில் மாலை மாற்றக் கையைத் தூக்கியதும் அக்குளில் தையல் விட்டுப்போயிற்று. கல்யாணப்பெண் கையை இறக்கிவிட்டாள். அத்தைக்காரி வந்து சேலைத் தலைப்பைப் போர்த்தி நிற்க வைத்திருக்கிறாள். போட்டோ எல்லாவற்றிலும் அந்தப் பெண் கையை ஒடுக்கிக்கொண்டே நிற்கிறாளாம். தைத்தவளுக்கு எப்படி இருக்கும், யோசி. வகுப்பில் வந்து அழுதாள். "மேம், கைய எவ்வளவு தூக்கினாலும் ஏறாத மாதிரி வெட்டறது எப்படி?" என்று எல்லாரும் என்னைக் கேட்கிறார்கள்.

அப்படி வெட்டத் தெரிந்தவள் நான் அறிந்து ஒரே ஆள்தான். நீ யாரிடமும் அளவு ஜாக்கெட் வாங்குவதில்லை. கலெக்டர் வீட்டு அம்மாவாக இருந்தாலும் நேரில் வந்து நிற்க வேண்டும் என்கிறாய். அங்கே என்ன செய்கிறாய் என்று எனக்குச் சொல்லித் தா. வீடியோ போட மாட்டேன். நேரில் படிக்கும் பிள்ளைகளுக்கு மட்டும், உன் பெயரைச் சொல்லித்தான் கற்றுத்தருவேன்.

அன்புடன்,
லோசினி

*

சங்கரன்கோவில்
24.6.2025

அன்புள்ள லோசினிக்கு,

அந்தப் பொள்ளாச்சிப் பெண்ணை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. ஆனால் அவளுக்காக நான் என் கடையைத் திறந்து கொடுக்க முடியாது.

நீ கேட்பதுபோல என்னிடம் வித்தை எதுவும் இல்லை. எல்லாம் கைராசி. கோமதியம்மன் கொடுத்தது. வேறென்ன சொல்ல?

நீ முகம் சுளிப்பது இங்கிருந்தே தெரிகிறது. கேள், மனதில் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். உனக்குக் கொடுப்பது சுலபம். கொடுப்பதுதான் உன் தொழில். நீ ஒன்றைச் சொல்லிக்கொடுத்தால் அதைக் கேட்டுப் புதிதாக ஆட்கள் வந்து சேருகிறார்கள். நான் ஒன்றைச் சொல்லிக்கொடுத்தால் என்னிடம் வருகிறவள் எதிர்க் கடைக்குப் போய்விடுவாள். உன் பாத்திரத்தில் அள்ள அள்ள நிறைகிறது, என்னுடையதில் அள்ளினால் குறைகிறது. என் வீட்டுக்காரர் மாரிக்கண்ணனுக்குத் தறியில் பாதி நாள் வேலை இல்லை. வீடு ஓடுவது கல்யாண ஜாக்கெட்டில். இளையரசனேந்தலிலிருந்து பஸ் பிடித்து வருகிறவர்கள், ஜெயசித்ராவின் ஏசி அறையைத் தாண்டி என் தகரக் கூரைக்கு ஏன் வர வேண்டும்? இந்த ஒன்றுக்காகத்தான் வருகிறார்கள்.

அது மட்டும் காரணம் இல்லை. எனக்கு உன்மேல் பொறாமை. ஆமாம், நன்றாகப் படித்துக்கொள். வகுப்பில் பட்டன் துளை போடத் தெரியாமல் என்னிடம் கொடுத்துவிட்டு வேடிக்கை பார்த்தவள் நீ. இன்று "மேம்" ஆகிவிட்டாய். ஜாக்கெட் என்பதைக்கூட மறந்து பிளவுஸ் என்று எழுதுகிறாய். உன் வீடியோவுக்குக் கீழே யாராவது "ஃபிட்டிங் சரியில்லை" என்று எழுதியிருந்தால் டீயைக் கையில் வைத்துக்கொண்டு நிதானமாகப் படிப்பேன். அப்படி எழுதியவர்களில் இரண்டு மூன்று பேருக்கு என் மகள் போனிலிருந்து லைக்கும் போட்டிருக்கிறேன். இப்படிப்பட்டவளிடம் வந்து இருக்கிற ஒன்றையும் கேட்கிறாயே.

மற்றபடி, ஆடித்தபசுத் திருவிழாவுக்கு வருவாய்தானே? வந்தால் பிரியாணி வாங்கித் தருகிறேன். இதை மட்டும் கேட்காதே.

உன்,
இசக்கி

*

கோயம்புத்தூர்
5.7.2025

அன்புள்ள இசக்கிக்கு,

லைக் போட்டது நீதான் என்று எனக்கு முன்பே தெரியும். உன் மகள் பள்ளி ஆண்டு விழாவில் எடுத்த போட்டோ லைக் பட்டியலில் பொடிசாகத் தெரிந்தது. சிரித்துக்கொண்டேன். அதற்காக எனக்கு வருத்தம் இல்லை.

கைராசி என்று எழுதினாயே, அதற்குத்தான் வருத்தம். ஊராருக்குச் சொல்லும் பதிலை எனக்கும் சொல்லிவிட்டாய்.

உன் கடையில் கண்ணாடி ஏன் அவ்வளவு உயரத்தில் மாட்டியிருக்கிறது? அதன் பக்கத்து ஆணியில் ஏன் எப்போதும் பூச்சரம் தொங்குகிறது? வருகிறவளிடம், "பஸ்ஸுல வந்ததுல தல கலைஞ்சு கெடக்கு, இந்தப் பூவ வச்சிக்கிடுங்க" என்கிறாய். பூ வைக்காதவர்களுக்குச் சீப்பை நீட்டுகிறாய். அவள் சந்தோஷமாக இரண்டு கையையும் தூக்கித் தலையைச் சரிசெய்கிறாள். நீ துணியை மடிப்பதுபோலப் பின்னால் நின்று பார்க்கிறாய், எந்தத் தோள் அதிகம் ஏறுகிறது, போட்டிருக்கும் ஜாக்கெட் எங்கே இழுக்கிறது என்று. அதற்குப் பிறகுதான் டேப்பைக் கையில் எடுப்பாய். வலது கைக்குழியையும் இடது கைக்குழியையும் நீ ஒரே மாதிரி வெட்டுவதில்லை.

என் கல்யாண ஜாக்கெட்டுக்கு என்னையும் பூ வைக்கச் சொன்னாய். கண்ணாடியில் உன் கண்ணைப் பார்த்தேன். அது என் கொண்டையைப் பார்க்கவில்லை, தோளைப் பார்த்தது. அன்றைக்கே புரிந்துவிட்டது.

அன்றிலிருந்து ஒருவரிடமும் சொல்லவில்லை, என் வீட்டுக்காரரிடம்கூட. பொள்ளாச்சிப் பெண் அழுதபோது, அத்தனை பிள்ளைகளுக்கும் முன்னால் "எனக்குத் தெரியாது" என்று சொன்னேன். ஒரு டீச்சர் அப்படிச் சொல்வது எவ்வளவு கூச்சம் என்று உனக்குத் தெரியாது. நீ வாயைத் திறந்து சொல்லாதவரை எனக்கு அது தெரியாதுதான். நானாகப் பார்த்துப் பிடித்ததை எடுத்து விற்றால் திருட்டு. அதனால்தான் கேட்டேன்.

உனக்கு மட்டும்தான் பொறாமை வரும் என்று நினைக்காதே. தாம்பூலத்தோடு உன்னைத் தேடி வந்த சிவகிரிப் பெண்ணைப் பற்றிப் படித்தபோது எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் தைத்த ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு யாரும் மணமேடை ஏறி ரொம்ப நாளாயிற்று. இப்போதெல்லாம் கேமராவுக்கு முன்னால் காட்டுவதற்குத்தான் கத்தரியைப் பிடிக்கிறேன்.

தபசுக்கு வர முடியாது. இனி நமக்குள் தொழில் பேச்சு வேண்டாம். பிள்ளைகள், வீடு, மழை பற்றி எழுது. போதும்.

லோசினி

*

சங்கரன்கோவில்
12.8.2025

அன்புள்ள லோசினிக்கு,

தபசுக் கூட்டம் முடிந்து இன்றுதான் கை ஒழிந்தது என்று எழுத நினைத்தேன். அது பொய். ஒரு மாதத்துக்கு மேலாகக் காகிதத்தை எடுப்பேன், உன் மேல் எரிச்சல் வரும், வைத்துவிடுவேன்.

நீ இத்தனை காலம் தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருந்தாய் என்று படித்ததும் எனக்கு நன்றி வந்திருக்க வேண்டும். வந்தது வயிற்றெரிச்சல். என் ரகசியத்தைக் காப்பாற்றுவதிலும் நீ என்னைவிட ஒரு படி மேலே போய்விட்டாய். நானாவது பிழைப்புக்காக மறைத்தேன். நீ எதற்காக மறைத்தாய்? எனக்காக. இதையெல்லாம் என்னிடம் சொல்லிவிட்டு மழையைப் பற்றி எழுது என்கிறாய். இங்கே மழையே இல்லை.

கொடுப்பதிலாவது உன்னை முந்திவிட வேண்டும் என்று வெறி வந்தது. ஆடி மாதம், கல்யாண வேலை இல்லாத நேரம். நேரே எதிர்க் கடைக்குப் போனேன். ஜெயசித்ரா பயந்துபோய் எழுந்து நின்றாள், சண்டைக்கு வந்திருக்கிறேன் என்று நினைத்துவிட்டாள். உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுவிட்டு, "இதுக்காக்கா இத்தன வருசமா எங்கள வாசப்படி ஏற விடாம வச்சிருந்திய?" என்றாள். அறையலாம் போல இருந்தது.

மறுநாள் அவளே ஓடி வந்தாள். "நீங்க சொன்ன மாதிரிதான் பாத்தேன். வெட்டித் தச்சா பழையபடி இழுக்கு" என்றாள். போய்ப் பார்த்து, எப்படி அளவெடுத்தாள் என்று விசாரித்தேன். அளவு கொடுக்க வந்தவளிடம், "கையத் தூக்குங்க, தோள் எப்படி ஏறுதுன்னு பாக்கணும்" என்று சொல்லியிருக்கிறாள்! அந்தம்மா எக்ஸ்ரே எடுக்கப் போன இடத்தில் நிற்பதுபோல மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். அப்படி நிற்பவளுக்குத் தோள் எப்படித் தன் போக்கில் ஏறும்? "ஏட்டி, பாக்குதோம்னு அவளுக்குத் தெரியப்படாது. தெரிஞ்சா ஒடம்பு பொய் சொல்லும்" என்றேன். சொல்லும்போதுதான் எனக்கே அது புரிந்தது. இவ்வளவு நாளும் நான் மறைக்க வேண்டியிருந்தது வாடிக்கைக்காரியிடம் மட்டும்தான். தைக்கிறவர்களிடம் மறைத்தது என் பயம்.

இப்போது அவள் கடையிலும் பூ தொங்குகிறது. என் சரத்தைவிட நெருக்கமாகக் கட்டிய மல்லிகையாகப் பார்த்து வாங்கி மாட்டியிருக்கிறாள். பார்க்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது. இரண்டு கல்யாணம் அவள் பக்கம் போய்விட்டது. மாரிக்கண்ணன், "ஒனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா?" என்று கேட்டுவிட்டுச் சாப்பிடாமல் எழுந்து போனார். எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. அதை உன்னிடம் மறைக்கவில்லை.

ஒன்று மட்டும் சொல்கிறேன், இதை நீ வீடியோவில் போடவே கூடாது. ஊரில் உள்ள பெண்களுக்கெல்லாம் தெரிந்துவிட்டால் கண்ணாடியைக் கண்டதும் விறைத்துக்கொள்வார்கள், ஒரு தையல்காரிக்கும் பிரயோஜனம் இல்லாமல் போய்விடும். உன் பிள்ளைகளுக்கு நேரில் காட்டித்தான் கொடுக்க வேண்டும். அதை நீ காட்ட வேண்டாம், நான் வந்து காட்டுகிறேன். ஆவணி முதல் முகூர்த்தங்கள் முடிந்ததும் பஸ் ஏறுகிறேன். பொள்ளாச்சிப் பெண்ணை முன்னால் உட்காரவை. ஸ்ரீராம்குமாரை அன்று எங்காவது வெளியே அனுப்பிவிடு.

உனக்கு ஒரு நிபந்தனை. நீயும் அந்தப் பிள்ளைகளோடு கீழே உட்கார வேண்டும். முன்பே தெரியும் என்று முகத்தில் காட்டக் கூடாது. நான் சொல்லச் சொல்ல, இப்போதுதான் முதல்முறையாகக் கேட்பவளைப் போலக் கேட்க வேண்டும், சந்தேகம் வந்தால் கையைத் தூக்கிக் கேட்க வேண்டும். எவ்வளவோ விஷயத்தில் நீ என்னைத் தாண்டிப் போய்விட்டாய், பரவாயில்லை. இது ஒன்றையாவது நான் சொல்லித்தான் நீ தெரிந்துகொண்டாய் என்று இருக்கட்டும்.

உன்,
இசக்கிசெல்வி