பக்கத்தின் மூலையில் ஒரு கட்டைவிரல்

உன் கட்டைவிரலைப் போன செவ்வாய்க்கிழமை பார்த்தேன்டி.

நீ போய் ஏழு மாதம் ஆகிறது. கள்ளக்குறிச்சியில் நூலகர்களுக்கு ஒரு நாள் பயிற்சி. வாசகர்கள் கேட்கிற கேள்விகளுக்குச் செல்போன் வழியாகப் பதில் அனுப்புவது எப்படி என்று ஓர் இளைஞர் சொல்லிக்கொடுத்தார். நாம் ரெண்டு பேரும், யாரும் கேட்காமலே, வருஷக்கணக்காகச் செய்த வேலைக்குத்தான் புதுச் சட்டை மாட்டி அழைத்து வந்திருந்தார். "இதுக்கு முன்னாடி எப்படி அனுப்புனாங்கன்னு பாருங்க" என்று திரையில் ஒரு படத்தைப் போட்டார். உன் நூலகத்தில் கேட்டு வாங்கிய படமாம். பழுப்பேறிய பக்கம். இடது மூலையில் உன் கட்டைவிரல். நகக்கண்ணில் தேதி முத்திரையின் ஊதா மை. இரும்பு பீரோவில் நசுங்கிய நகத்தில் அந்தப் பழைய பிளவு. அவர் எதையோ தொட்டார், விரல் மறைந்துவிட்டது. பக்கம் பளிச்சென்று நின்றது. எல்லாரும் கைதட்டினார்கள். நான் தண்ணீர் குடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

நமக்கு ஒரே நாளில்தான் வேலை உத்தரவு வந்தது. உனக்குக் கள்ளக்குறிச்சி டவுன், எனக்குக் கல்வராயன் மலை. நான் அழுதுகொண்டிருந்தேன், நீ சிரித்தாய். "போடி மலைக்காரி, உனக்குக் காத்தாவது கீது. எனக்கு பஸ் ஸ்டாண்டுப் பொகைதான்" என்றாய். என் நூலகத்தில் ரெண்டரை அலமாரி. உன்னிடமோ சுவர் முழுக்கச் சட்டப் புத்தகங்களும் அரசாணைத் தொகுப்புகளும். மலையில் கேள்விக்கு மட்டும் பஞ்சமே இல்லை. சாமைக் கதிரைத் தின்கிற பூச்சிக்கு என்ன மருந்து, காட்டுப் பட்டாவுக்கு எந்த ஆபீஸ், நர்ஸ் படிக்க எத்தனை மார்க். எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டு, நாலு மணிக்கு நூலகத்துக்குப் பின்னால் இருக்கும் பாறையில் ஏறுவேன். சிக்னல் அங்கேதான் கிடைக்கும். நான் கேள்வியை அனுப்புவேன், நீ புத்தகத்தைத் தேடி எடுத்துப் பக்கத்தைப் படம் பிடித்து அனுப்புவாய்.

"எதுக்குடி படம், நாலு வரி டைப் பண்ணி அனுப்பேன்" என்று ஒரு நாள் சலித்துக்கொண்டேன்.

"நான் டைப் பண்ணா அது நான் சொல்றது. படம் போட்டா அது பொஸ்தகம் சொல்றது" என்றாய்.

"அப்போ அந்த வெரலையாவது எடு. கண்ணுல குத்துது."

"பைண்டிங் டைட்டுடி. வெரலை எடுத்தா பக்கம் மூடிக்கும். அவ்ளோ கஷ்டமா இருந்தா நீ வந்து புடி."

இடஒதுக்கீட்டுப் போராட்டம் சூடாக இருந்த அந்த வருஷங்களில் நம் வேலையே மாறிப்போனது. பூச்சி மருந்தை யாரும் கேட்கவில்லை. யாருக்கு எவ்வளவு, யார் எந்தப் பட்டியலில் என்பதுதான் கேள்வி. பதிலும் அவர்கள் கையிலேயே இருந்தது, ஃபார்வர்டு ஃபார்வர்டாக. உன் தம்பி மறியலில் உட்கார்ந்திருந்தான். நான் வேறு ஜாதி. அதைப் பற்றி நாம் ஒரு வார்த்தை பேசிக்கொண்டதில்லை. பேசாமல் விட்டதில் பெருமை ஒன்றும் இல்லை, எனக்குப் பயம்தான்.

அந்தத் திங்கட்கிழமை பாறையில் எனக்கும் ஒரு ஃபார்வர்டு வந்தது. பழங்குடிப் பட்டியலில் மலைமக்களின் பெயரோடு மாவட்டப் பெயர்களும் உண்டு, கள்ளக்குறிச்சி புது மாவட்டம், அதன் பெயர் பட்டியலில் இல்லை, ஆகவே நம் மலைக்காரர்களுக்கு இனி அந்த ஒதுக்கீடு கிடையாது என்று இருந்தது. மேலே முத்திரை, கீழே கையெழுத்து. நியாயமாகவும் பட்டது. மறுநாள் காலையில் அதைக் கையால் எழுதி நூலக அறிவிப்புப் பலகையில் ஒட்டினேன். உன்னைக் கேட்காமல் நானே ஒரு பதிலைக் கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் வேறு.

மத்தியானம் பொன்னி வந்தாள். எங்கள் நூலகத்தில் படித்துப் பன்னிரண்டாவதில் நல்ல மார்க் வாங்கிய பெண். வியாழக்கிழமை சென்னையில் நர்ஸ் படிப்புக்குக் கலந்தாய்வு. எடுத்துப்போன புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "அப்பா போவ வேணாம்னுட்டாருக்கா. லைப்ரரியிலயே ஒட்டிக் கீது, அது பொய்யா இருக்குமான்றாரு" என்றாள். அவள் அழவில்லை.

நாலு மணிக்கு அதில் இருந்ததை உனக்கு எழுதி அனுப்பி, இது சரியா என்று கேட்டேன். "எங்க பாத்த?" என்றாய். ஃபார்வர்டு என்றேன். "போர்டுல போட்டியா?" போட்டேன் என்றேன். நீ திட்டுவாய் என்றுதான் நினைத்தேன். "பக்கத்தைப் பாக்காம ஒன்னும் சொல்ல மாட்டேன். நாளைக்குத் தேடறேன்" என்று மட்டும் வந்தது.

மறுநாள் ரோடு மறியல். பஸ் இல்லை, டவுனில் எல்லாம் பூட்டிக் கிடந்தது. நீ சாவியை எடுத்துக்கொண்டு ஸ்கூட்டரில் கிளம்பினாய். நடு ரோட்டில் உன் தம்பியே வழிமறித்ததை நீ எத்தனை தடவை நடித்துக் காட்டியிருப்பாய்!

"எங்கக்கா போற?"

"ஒரு பக்கம் பாக்கணும்."

"யாருக்கு?"

"கேட்டவங்களுக்கு. வழி வுடுறா."

அவன் வழிவிட்டதோடு நிற்காமல், கூட்டத்துக்குள்ளே ஸ்கூட்டரைத் தள்ளிக்கொண்டே வந்து அந்தப் பக்கம் விட்டுவிட்டுப் போனானாம்.

நான் காலையிலிருந்து பாறையில் நின்றுகொண்டிருந்தேன். பதினொன்றரைக்கு ரெண்டு படம் வந்தது. முதலாவதில் பட்டியல், அதில் பழைய தென்னார்க்காடு மாவட்டத்தின் பெயர். ரெண்டாவதில், பட்டியலில் மாவட்டம் என்று சொல்வது அந்தக் காலத்தில் இருந்த எல்லையைத்தான் குறிக்கும் என்ற குறிப்பு. பிறகு எத்தனை மாவட்டமாகப் பிரித்தாலும் மலை பட்டியலில்தான் இருக்கிறது. ரெண்டிலும் மூலையில் உன் கட்டைவிரல்.

பொன்னி வீட்டுக்கு ஓடினேன். அவள் அப்பாவுக்கு எழுதப்படிக்கத் தெரியாது, பக்கமோ ஆங்கிலத்தில். நான் விளக்க விளக்க அவர் என்னை நம்பாமல் பார்த்தார். அதில் என்ன தப்பு? நேற்று வேறு மாதிரி சொன்னவளும் நான்தானே. போனை வாங்கி உற்றுப் பார்த்தார்.

"இது யாரு வெரலு?"

"டவுன் லைப்ரரி அம்மாவோடதுங்க."

"அப்போ பொஸ்தகத்தக் கையில புடிச்சிக்கினு கீறாங்க" என்றார். "நீ ஒட்டுனதுல யாரு கையும் இல்லியேம்மா."

மறியல் முடிந்ததும் சாயங்காலம் ஜீப்பில் மலையிறங்கி, சின்னசேலத்தில் ரயிலேறினார்கள். பொன்னிக்கு இடம் கிடைத்தது.

அன்றைக்கே பாறையிலிருந்து அவர் சொன்னதை உன்னிடம் சொன்னபோது நீ மூச்சு முட்டச் சிரித்தாய். "என் வெரலுக்கு இருக்கிற மரியாதை எனக்கு இல்லடி" என்றாய். நான் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். "நேத்து ஒட்டுனது தப்புன்னு எழுதி, உன் கையெழுத்தப் போட்டு அதே போர்டுல ஒட்டு. அடுத்த கேள்வி இன்னா?" என்றாய். ஒட்டினேன். ஒரு மாதம் அதை எடுக்கவில்லை. உனக்குத் தெரியும், எனக்கு ரோஷம் ஜாஸ்தி. அந்த ஒரு மாதமும் அந்தப் பலகையைத் தாண்டித்தான் உள்ளே போனேன். அதற்கப்புறம் என் கண்ணால் பார்க்காத எதையும் நான் ஒட்டியதில்லை. என் தப்பை நீயும் யாரிடமும் சொன்னதில்லை. அன்றைக்கு அக்கா யாருக்காகப் போனாள் என்று உன் தம்பி என்னிடம் கேட்டபோதுதான் அது தெரிந்தது.

போன செவ்வாய்க்கிழமை, பயிற்சியிலிருந்து வெளியே வந்து தண்ணீர்க் குழாயடியில் நின்றபோதுதான் பொன்னியிடமிருந்து செய்தி வந்தது. எங்கோ கடலோர ஊரில் வேலை பார்க்கிறாள். "அக்கா, என் தம்பிய காலேஜ்ல சேக்கறோம். புது மாவட்டம்னு அதே கேள்வி கேக்கறாங்க. போன் மாத்துனதுல படம் போயிடுச்சு. திரும்ப அனுப்புங்கக்கா."

பழைய படம் என்னிடம் இருக்கிறது. அதையே தட்டிவிட்டிருக்கலாம். ஆனால் அதுவும் ஃபார்வர்டுதானேடி. மத்தியான இடைவேளையில் உன் நூலகத்துக்கு நடந்தேன். உன் நாற்காலியில் இருக்கும் பெண் நல்ல மாதிரி. தொகுப்பு அதே தட்டில் இருந்தது. பக்கத்தைப் பிரித்தேன், மூடிக்கொண்டது. மறுபடி பிரித்தேன், மறுபடி மூடிக்கொண்டது. நிஜமாகவே பைண்டிங் டைட்டுடி. இத்தனை வருஷம் உன்னைக் கிண்டல் பண்ணியிருக்கிறேன். இடது மூலையில் என் கட்டைவிரலை வைத்து அழுத்திப் படம் எடுத்தேன். காலையில் ஏற்றிக்கொடுத்த புதுச் செயலி, விரலை நீக்கவா என்று கேட்டது. வேண்டாம் என்று சொல்லி, பொன்னிக்கு அனுப்பினேன்.

ஒரு நிமிஷத்தில் பதில் வந்தது.

"இது வேற வெரலாச்சேக்கா. அந்த அம்மா எங்க?"

அவளுக்குத் தெரியாது. யாரும் சொல்லவில்லை. இந்தக் கேள்விக்குப் படம் பிடித்து அனுப்ப உன் சுவர் முழுக்கத் தேடினாலும் ஒரு பக்கம் கிடையாது. அந்த அலமாரிக்கு முன்னாலேயே நின்று, நானே டைப் பண்ணினேன்.

"அவங்க இல்லம்மா. இனிமே இந்த வெரல்தான்."