ஏணியடியில் சொன்ன கருத்து

மயிலாப்பூர்
14.9.2025

சௌ. மதுமதிக்கு அப்பாவின் ஆசீர்வாதம். இங்கு நலம், அம்மாவின் முழங்கால் வலி மட்டும் படியேறும்போது தெரிகிறது. மாப்பிள்ளையின் கிரீன் கார்டு விண்ணப்பம் இன்னும் நிலுவையில் இருப்பதை மறக்கவில்லை.

சென்ற ஞாயிறன்று தொலைபேசியில் நீ கேட்டதற்கு ஒரே சொல்லில் விடையளித்தேன். வாய்மொழியாகச் சொன்னதை எழுத்தில் திருத்துவதே முறை.

சென்ற அக்டோபரில் நான் அங்கு வந்திருந்தபோது, உன் புது வீட்டுக் கூரையை மாற்றிய ரமீரோ, நான் வக்கீல் என்று அறிந்து, ஏணியிலிருந்து இறங்கி என்னிடம் வந்தார். மெக்சிகோவில் பிறந்து அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர். முட்டை, பெட்ரோல், வண்டித் தவணை எல்லாம் ஏறிவிட்டன. விலையைக் குறைப்போம் என்கிற கட்சிக்கே தம் ஓட்டு, தம்மோடு கூரையேறும் ஆண்கள் அனைவரும் அப்படித்தான் என்றார். ‘பேச்சைச் சமைத்துச் சாப்பிட முடியுமா, டான் அனந்தராமன்?’ என்று, அவர்கள் மொழியில் பெரியவர்களை அழைக்கும் மரியாதைச் சொல்லோடு, சிரித்தார். பிறகு குரல் தாழ்ந்தது. அதே கட்சி ஆவணமில்லாதவர்களை வெளியேற்றுவோம் என்கிறதே, தம் மனைவி எல்வாவிடம் ஆவணம் இல்லையே, ஆபத்து வருமா என்று கேட்டார். மறுவாரம் ஒரு குடியேற்ற வழக்கறிஞரைப் பார்க்க நேரம் வாங்கியிருப்பதாகவும் சொன்னார்.

நாற்பது ஆண்டுகளில் ஆவணத்தைப் பார்க்காமல் நான் கருத்துச் சொன்னதில்லை. அன்று சொன்னேன்: ‘குற்றவாளிகளைத்தான் தேடுவார்கள். குடும்பப் பெண்ணை யார் தொடுவார்?’ கிரகப்பிரவேசத்துக்கு நான்கு நாளே இருந்தது, கூரை பாதி திறந்திருந்தது, மேகம் கூடியிருந்தது. அவர் மேலே ஏற வேண்டும் என்பதே என் எண்ணம். கைகுலுக்கிவிட்டு ஏறினார்.

அவருடைய ஓர் ஓட்டால் எதுவும் மாறியிருக்காது என்று வாதிடலாம். ஆனால் என் சொல்லை நம்பி, வழக்கறிஞரைப் பார்ப்பதையும் அவர் கைவிட்டார் என்றாய். இப்போது எல்வா தடுப்புக் காவலில் இருக்கிறாள். அவளது நன்னடத்தைக்குச் சான்றாக உன்னிடம் ஒரு கடிதம் கேட்கிறார் ரமீரோ. மாப்பிள்ளையின் விண்ணப்பத்துக்குக் கேடு வருமா என்று கேட்டாய். ‘ஒதுங்கியிரு’ என்றேன்.

அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். “கோர்ட்டுல ஒரு வாய்தாவுக்கு ஒம்பது தடவை யோசிப்பேள். மனுஷா வந்து கேட்டா மட்டும் ஒரே வார்த்தையா?” என்றாள்.

அந்தச் சொல்லைத் திரும்பப் பெறுகிறேன். கேடு வராது என்று உறுதிகூற எனக்குத் தகுதியில்லை. அங்குள்ள வழக்கறிஞர் ஒருவரை இருவரும் கலந்துகொள்ளுங்கள். எழுதிக் கொடு என்று தகப்பனாகச் சொல்லவும் துணிவில்லை. ரமீரோவிடம் மட்டும் இதைச் சொல்லிவிடு: நான் தெரியாமல் சொல்லவில்லை, எனக்குத் தெரியாது என்று தெரிந்தே சொன்னேன்.

நீயும் மாப்பிள்ளையும் ஒருநாளும் பிரியாமல் இருக்க வேண்டும்.

அப்பா,
அனந்தராமன்