அந்தப் படத்து அப்பன் என்ன சொன்னான்

அப்பா,

இன்று காலை பதுளைக் கடைவீதியில் தப்படித்துக்கொண்டு ஒரு மாட்டுவண்டி போனது. வண்டிக்குள் இருந்தவன் வீசிய நோட்டீஸ் ஒன்று காற்றில் பறந்து எங்கள் வாசலில் விழுந்தது. தொப்பி வைத்த ஒரு பெண் குடையை ஓங்கிக்கொண்டு நிற்கிறாள். அவள் முன்னால் ஒருவன் முழங்காலிட்டுக் கும்பிடுகிறான். வயிறு குலுங்கச் சிரிக்க வைக்கும் காதல் படம் என்று கீழே அச்சடித்திருந்தது. கையில் எடுத்ததும் ஈரம் காயாத மை வாசனை. உலையை மறந்து அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரருக்கு இந்த மாதிரிப் படங்கள் ஆகாது. பக்திப் படம் என்றால் வருவார். மற்றதெல்லாம் தலையும் வாலும் இல்லாத கூத்து என்பார். அவர் சொல்வதும் சரிதான். ஒருவன் ஒருத்தியைப் பார்த்துக்கொண்டே போய்த் தூணில் முட்டிக்கொள்கிறான், ஊரே அவனைத் துரத்துகிறது, கடைசியில் கல்யாணம். ஆனாலும் பயாஸ்கோப் கூடாரம் போட்டால் நான் போகாமல் இருப்பதில்லை. அதற்கு அவரிடம் காரணம் சொன்னதில்லை.

நீங்களும் நானும் சேர்ந்து பார்த்தது ஒரே ஒரு படம். கிறிஸ்மஸ் லீவுக்கு இங்கே பதுளை மிஷன் பள்ளி விடுதியிலிருந்து என்னைக் கூட்டிப்போக வந்திருந்தீர்கள். மழையில் பாதை சரிந்து, கொஸ்லந்தையில் நம் தோட்டத்துக்குப் போக வேண்டிய பஸ் நின்றுவிட்டது. எங்கே ஒதுங்குவதென்று பார்த்தபோது கண்ணில் பட்டது பயாஸ்கோப் கூடாரம்தான். கோட்டும் தலைப்பாகையுமாக, கையில் பிரம்போடு, தோட்டத்தில் நீங்கள் வந்தால் மலையில் கொழுந்து பறிக்கும் பெண்கள் பேச்சை நிறுத்துவார்கள். அப்படிப்பட்ட பெரிய கங்காணி, கடலை கொறிக்கும் கூட்டத்துக்கு நடுவே பலகையில் உட்காருவீர்களா என்று எனக்குச் சந்தேகம். மழைக்கு ஒதுங்கினால் போதும், படம் எதுவாக இருந்தால் என்ன என்றீர்கள்.

அப்போது ரோசி அக்கா வீட்டைவிட்டுப் போய் ஒரு வருஷம் ஆகியிருந்தது. தேயிலை அரைக்கும் ஸ்டோரில் எஞ்சின் பார்த்துக்கொண்டிருந்தவனோடு போனாள். அவன் அப்பன் உங்களுக்குக் கீழே வேலை செய்த ஆள். நம் வேதமும் இல்லை, நம் சாதியும் இல்லை. இருவரும் மொனராகலைப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் இருப்பதாகக் கேள்விப்பட்டபோது நீங்கள் கத்தவில்லை. “இந்த வீட்டுல அந்தப் பேரு கேக்கக்கூடாது” என்று மட்டும் சொன்னீர்கள். அம்மா உயிரோடு இருந்திருந்தால் ஏதாவது சொல்லியிருப்பாள். அன்றிலிருந்து ராத்திரி ஜெபத்தில்கூட அக்காவின் பேரைத் தாண்டிப் போனோம்.

அது பேசாத படம்; கூடாரத்துக்குள் ஆர்மோனியம் வாசித்தார்கள். திரையில் வந்த இங்கிலீஷ் எழுத்தை நான் உங்கள் காதில் தமிழில் சொன்னேன். தொப்பிக் கடையில் வேலை செய்யும் ஒரு பெண். அவளைச் சுற்றும் ஒரு குமாஸ்தா. அவள் அப்பன் மீசைக்காரத் தடியன். குமாஸ்தா ஜன்னல் வழியாக ஏறப்போய் மாவுப் பீப்பாயில் விழுந்தான். வெள்ளை வெளேரென்று அவன் எழுந்து நின்றதும், பேயென்று நினைத்து அந்த அப்பன் ஓடினான். அப்போதுதான் என் பக்கத்தில் ஏதோ சத்தம் கேட்டது. நீங்கள் சிரித்துக்கொண்டிருந்தீர்கள். தலைப்பாகை சரிந்து, கண்ணில் நீர் வழிய, முன்னால் இருந்தவன் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். “கிறுக்குப் பய கதை” என்று சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். உங்களுக்கு அப்படிச் சிரிக்கத் தெரியும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

படம் முடியப்போகும்போது அந்த அப்பன், ஓடிப்போன இருவரையும் தடியோடு துரத்திக்கொண்டு போய்க் குளத்தில் விழுந்தான். குமாஸ்தா குதித்து அவனைக் கரையேற்றினான். சொட்டச் சொட்ட நின்ற அப்பன் மகளைப் பார்த்து வாயசைத்தான். பிறகு இரண்டு பேரையும் சேர்த்துக் கட்டிக்கொண்டான். கூடாரமே கைதட்டியது. நீங்கள் மட்டும் சும்மா இருந்தீர்கள்.

வெளியே வந்து கொஞ்ச தூரம் நடந்த பிறகு கேட்டீர்கள்: “பாப்பா, கடைசியில மகளப் பாத்து அந்த அப்பன் என்ன சொன்னான்?”

“அதுக்கு எழுத்து போடலப்பா. வாயத்தான் அசைச்சான்.”

“போட்டிருக்கலாம்” என்றீர்கள்.

கிறிஸ்மஸ் முடிந்ததும், தோட்ட வேலைக்கு ஆள் பார்க்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினீர்கள். வெல்லவாய வரை வண்டியிலும் அதற்கப்பால் நடந்தும் போயிருக்கிறீர்கள். திரும்பி வந்து கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டியபடி, “நல்லாத்தான் இருக்கா” என்றீர்கள். யார் என்று நானும் கேட்கவில்லை. அன்று ஜெபத்தில் நீங்களே அக்காவின் பேரைச் சொன்னீர்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நம்பிக்கொண்டு விடுதிக்குத் திரும்பினேன்.

அடுத்த மழைக்குள் சளிக் காய்ச்சல் உங்களைக் கொண்டுபோய்விட்டது. அக்கா கைக்குழந்தையோடு வந்து சேர்ந்தபோது குழி மூடியாகிவிட்டது. அவளோடு வந்த அவள் வீட்டுக்காரர் வேதக்கோயில் வாசலிலேயே நின்றுகொண்டார்.

அன்று சாயந்தரம், குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அக்கா என்னிடம் கேட்டாள்: “அப்பா அன்னைக்கு எதுக்குடி எங்க லயத்து வீட்டுக்கு வந்தாரு?”

நீங்கள் வந்து வாசலில் நின்றதையும், அவள் பயந்துபோய்ப் பாய் விரித்ததையும் சொன்னாள். சோறும் கருவாட்டுக் குழம்பும் போட்டிருக்கிறாள். தலை நிமிராமல் சாப்பிட்டு, கையைக் கழுவி, கூரையையும் அடுப்பையும் ஒருமுறை பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டீர்களாம். இரண்டு முறை வாயைத் திறந்தீர்களாம், பேச்சு வரவில்லையாம். திட்ட வந்து, வயிற்றுப்பிள்ளைக்காரி என்று விட்டுவிட்டுப் போனதாகவே அவள் அதுவரை நினைத்திருந்தாள். அந்த நினைப்போடு பிள்ளை பெற்றிருக்கிறாள்.

நான் அவளுக்குப் படத்தைச் சொன்னேன். மாவுப் பீப்பாயை, குளத்தை, நீங்கள் சிரித்த சிரிப்பை, பாதையில் கேட்ட கேள்வியை. நீங்கள் சிரித்ததை அவள் நம்பவே இல்லை. மறுபடி மறுபடி சொல்லச் சொல்லிக் கேட்டாள். பிறகு வெகுநேரம் குழந்தையைத் தட்டிக்கொண்டிருந்தாள்.

“அப்பா ஒண்ணுமே பேசியிருக்க வேணாம்டி” என்றாள். “இன்னுங் கொஞ்சம் சோறு போடுன்னு கேட்டிருந்தாப் போதும். நான் புரிஞ்சிருப்பேன்.”

அவ்வளவு தூரம் நடந்து போனவர், அப்பா, நீங்கள் பசியோடுதான் எழுந்திருப்பீர்கள். அந்தக் கிறுக்குப் படங்களில் எப்பேர்ப்பட்ட கோபமும் படம் முடிவதற்குள் தீர்ந்துவிடுகிறது. அதைப் பார்க்கத்தான் நான் போகிறேன். எல்லோரும் கைதட்டும்போது எனக்கு அக்கா சொன்னது காதில் விழும். சொல்ல வேண்டியிருந்தது அவ்வளவு சின்னதாக இருந்திருக்கிறது.