கந்தோருக்குக் கூப்பிட்டார்கள்

ரொட்டர்டாம், ஞாயிறு

அன்புள்ள அம்மாவுக்கு,

மாதாவின் காவலில் நான் சுகம். உங்களுடைய முழங்கால் நோவு குறைந்ததா?

இங்கே துறைமுகத்தில் பழைய ஒல்லாந்தத் தளபதி ஒருவனின் சிலை இருக்கிறது. திருகோணமலைக் கோட்டையைப் பிடித்தவர்களின் காலத்து ஆள். அதைக் கழுவுவது என் வேலை. வெள்ளிக்கிழமை அதை உடைக்க வந்தவர்களும் காக்க வந்தவர்களும் கம்பியாலும் போத்தலாலும் அடிபட்டார்கள். ஒருவனுடைய பல் என் வாளிக்குள் விழுந்தது. எனக்கும் நெற்றியில் போத்தல் பட்டது. பயப்படாதீர்கள், ஏழு தையல்தான்.

பொலிஸ்காரர் ஒருவர் என் கையைப் பிடித்து ஏதோ சொன்னார். 'கந்தோர்' என்பது மட்டும் விளங்கியது. நாங்கள் அலுவலகத்துக்குச் சொல்லும் அந்தச் சொல் இவர்களுடையதாம்.

எங்கள் ஊர் கட்டைபறிச்சானில் அப்பாவைக் கொண்டுபோனவர்களும், "கந்தோருக்கு ஒருக்கா வந்திட்டுப் போங்கோ" என்றுதானே சொன்னார்கள். நான் அந்தப் பொலிஸ்காரருடைய கையை இரத்தம் வரக் கடித்துவிட்டு ஓடினேன். துரத்திப் பிடித்தார்கள். துறைமுகக் கந்தோரில் மருந்து கட்டத்தான் கூப்பிட்டாராம். கடிபட்ட கையாலேயே கோப்பி தந்தார்.

றெக்சன் மாமா வரும்போது மிளகாய்த்தூளும் அப்பாவின் படமொன்றும் கொடுத்துவிடுங்கள். வேலைக்கு நேரமாகிறது.

கந்தோருக்குப் போன நான் திரும்பி வந்துவிட்டேன், அம்மா.

மகள்,
தினுஷா