மல்லாட்டை ஏறிய படகு

அனந்தபுரம்
10.12.2025

அன்புள்ள சாந்தனுவுக்கு அம்மா எழுதுவது.

நானும் மல்லாட்டையும் நலம். நீயும் மருமகள் ப்ரியங்காவும் வேளைக்குச் சாப்பிட்டு, சளி இருமல் இல்லாமல் இருக்க வேண்டும்.

போன் அடித்துக்கொண்டே இருப்பது எனக்குத் தெரியும். வேண்டுமென்றேதான் எடுக்கவில்லை. போனில் நான் ஒரு பேச்சு தொடங்கினால் அதை நீ முடித்துவைக்கிறாய். கடிதத்தில் குறுக்கே பேச முடியாது பார். அதனால் இனி எனக்குச் சொல்ல வேண்டியதை நீயும் எழுது. நீ பேனா பிடித்து எத்தனை காலம் ஆயிற்றோ!

விஷயத்துக்கு வருகிறேன். வீட்டை விற்றுவிட்டுப் பெங்களூருக்கு வா என்கிறாய். மாட்டேன். உன் பிளாட்டில் நாய் வைத்துக்கொள்ள விடமாட்டார்கள், மல்லாட்டையை யாருக்காவது கொடுத்துவிடு என்கிறாய். அது மாட்டவே மாட்டேன். இந்த நாயைக் கொண்டுவந்தது யார்? கொரோனா சமயத்தில் வீட்டிலிருந்து வேலை பார்த்தாயே, அப்போது செஞ்சி ரோட்டிலிருந்து சட்டைக்குள் வைத்துத் தூக்கி வந்தாய். உரித்த வேர்க்கடலை நிறத்தில் இருக்கிறது என்று மல்லாட்டை என்ற பெயரும் நீயே வைத்தாய். பிறகு நீ போய்விட்டாய், அது இங்கேயே இருக்கிறது.

நான் மயங்கி விழுந்ததை இழுப்பாய். ஆமாம், ஆடி மாதம் விழுந்தேன். அன்றைக்கு மல்லாட்டை தெருவுக்கு ஓடி, எதிர்வீட்டு வேணியின் முந்தானையைக் கவ்வி இழுத்து வந்தது. உன் ஆறாவது மாடியில் நான் விழுந்தால் யார் முந்தானையை யார் இழுப்பார்கள்? அதைச் சொல் முதலில்.

மழை நன்றாகப் பெய்திருக்கிறது. பெரிய ஏரி நிரம்பிக் கலங்கலில் வழிகிறது. ஏரி மீன் குத்தகை இந்த வருஷம் ஆரோக்கியசெல்வி வீட்டுக்காரர் சவுரிராயனுக்கு. செல்வியை உனக்குத் தெரியும், என்னோடு செஞ்சியில் படித்தவள். நேற்று அவர்கள் படகில் என்னை ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றினாள். மீன் வாசனைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டேன். நடு ஏரிக்குப் போனதும் மூக்கு மறந்துவிட்டது. துடுப்புப் போடக் கற்றுக்கொண்டு வருகிறேன்.

உன் நினைவாகவே இருக்கும்,
அம்மா ஜெயமதி


பெங்களூரு
17.12.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

உன் கடிதத்தை ப்ரியங்கா சிரித்துச் சிரித்துப் படித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. படகா? நீச்சல் தெரியாது, தலைசுற்றல் மாத்திரை போடுகிறாய், ஜைன வழக்கம் என்று பொழுது சாய்ந்தால் சோறு தண்ணீர் தொடமாட்டாய். உனக்கு என்ன அம்மா ஆயிற்று? ஆடி மாதம் விழுப்புரம் ஆஸ்பத்திரியில் நீ படுத்திருந்தது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. ராத்திரி திடீரென்று விழித்துக்கொண்டு, இப்போது விழுந்திருந்தால் யாருக்குத் தெரியும் என்று நினைக்கிறேன். இந்தப் பயம் உனக்குப் புரியவில்லை.

தை பிறந்ததும் வீட்டுக்கு அக்ரிமெண்ட் போட ஆள் வருகிறார். பிடிவாதம் பிடிக்காதே.

உனக்கு அவ்வளவு தெம்பு இருந்தால் ஒன்று செய். பெரிய ஏரியில் படகு ஏறி, வாய்க்கால் வழியே சித்தேரிக்குப் போய், அங்கிருந்து பனமலை ஏரிவரை போய்க் காட்டு. உன் செல்ல நாயையும் ஏற்றிக்கொள். குட்டியில் கிணற்றில் விழுந்து எடுத்ததிலிருந்து வாளியைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் ஒளிகிற வீராதிவீரன் அது. தண்ணீரில் குதிக்காமல் அது படகிலேயே வந்து பனமலைக் கரையில் இறங்கினால், வீட்டை விற்கிற பேச்சையே நான் எடுக்கமாட்டேன். காக்கா வெள்ளையாகிற அன்றைக்கு அது நடக்கும். அதுவரைக்கும் துணிமணிகளை எடுத்துவைக்கத் தொடங்கு.

கோபத்தில் எழுதினாலும் அன்பான,
சாந்தனு


அனந்தபுரம்
22.12.2025

என் கண்ணு சாந்தனுவுக்கு,

உன் வாயால் சொல்லியிருந்தால் இல்லை என்று மறுத்திருப்பாய். கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டாய். உன் அப்பா சொன்ன சொல் மாறாதவர். நீ அவர் பிள்ளைதானே?

செல்விக்குப் படித்துக் காட்டினேன். "இன்னாடி இது, பெத்த புள்ளையே பந்தயம் கட்டிக்கினு கீறான்! வுடாத ஜெயா, போயிட்டுத்தான் வர்றோம்" என்று எழுந்தே நின்றுவிட்டாள். சவுரிராயன்தான் தலையைச் சொறிந்தார். "வாய்க்கால்ல காட்டாமணக்கு மண்டிக்கினு கெடக்குதுங்க. வெட்டிக்கினே போவணும். பேஜாரு புடிச்ச வேலைங்க" என்றார். "அருவாள் இருக்குதில்ல? நாங்க வெட்டிக்கிறோம்" என்று செல்வி அவர் வாயை அடைத்தாள்.

கஷ்டமெல்லாம் மல்லாட்டையோடுதான். ஏரிக்கரையில் படகைப் பார்த்ததும் வீட்டுக்கு ஓடிவந்து கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. அப்புறம் ஒரு யோசனை வந்தது. படகை டிராக்டரில் ஏற்றி நம் வீட்டு வாசலில் இறக்கச் சொன்னேன். மூன்று வேளைத் தயிர்சாதமும் அதற்குள்ளேதான் வைத்தேன். முதல் நாள் பட்டினி கிடந்தது. எனக்கும் சோறு இறங்கவில்லை. இரண்டாம் நாள் ஒரு கால் வைத்தது. இப்போது படகைத் தன் சாப்பாட்டுத் தட்டு என்றே நினைத்துக்கொண்டிருக்கிறது. தெருவே வேடிக்கை பார்க்கிறது. பார்க்கட்டும்.

திண்டிவனத்தில் இருக்கும் செல்வி மகள் இசைவாணி எங்கள் இருவருக்கும் மிதவைச் சட்டை வாங்கிவந்தாள். நாய் அளவுக்குக் கிடைக்கவில்லையாம். அதற்கு இரண்டு காலி எண்ணெய் கேன்களைக் கட்டிவிடப் போகிறோம். மாத்திரை எடுத்துக்கொண்டேன். சவுரிராயன் கரையோடு பைக்கில் வருகிறார். போதுமா?

ஜனவரி மூன்றாம் தேதி சனிக்கிழமை காலை கிளம்பி, ஞாயிறு மதியத்துக்குள் பனமலை. நீ துணிமணி எடுத்துவைக்கச் சொன்னாய், வைத்துவிட்டேன். இரண்டு நாளைக்கு இரண்டு புடவை.

பந்தயத்துக்குத் தயாரான,
அம்மா


அனந்தபுரம்
5.1.2026

அன்புள்ள சாந்தனுவுக்கு,

ஒளிக்காமல் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உன் கணக்குப்படி நான் தோற்றுவிட்டேன். ஆனால் முழுவதும் படித்துவிட்டு அக்ரிமெண்ட் போடு.

சனிக்கிழமை வெயில் ஏறும்போது கிளம்பினோம். ஏரிக்கரையில் பாதி ஊர் நின்றது. மல்லாட்டை தட்டைத் தேடிப் படகில் ஏறியது. கரை நகர்வதைப் பார்த்ததும்தான் அதற்குச் சங்கதி புரிந்தது. என் புடவைக்குள் தலையை விட்டுக்கொண்டு நடுங்கியது பார், படகே ஆடியது. "டேய், நாங்களே நீச்சல் தெரியாம சிரிச்சிக்கினு போறோம், உனக்கு இன்னாடா" என்று செல்வி அதட்டினாள்.

பெரிய ஏரி தாண்டி வாய்க்காலில் நுழைந்தோம். இரண்டு பக்கமும் நெல், நடுவில் நாங்கள். அவசரமே இல்லை. தண்ணீர் தானாக இழுத்துக்கொண்டு போனது. களை எடுத்துக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து, "எங்கக்கா, மாமியா வூட்டுக்கா?" என்று கேலி பண்ணினார்கள். "புள்ளகிட்ட பந்தயம் கட்டிக்கினு போறோம்டி!" என்று செல்வி கத்தினாள். அப்புறம் அந்தச் செய்தி எங்களுக்கு முன்னால் ஓடிவிட்டது. அடுத்த வயலில், "வுடாதீங்கம்மா" என்று எங்களுக்காகவே காத்திருந்து கத்தினார்கள்.

மதியத்துக்கு மேல்தான் காட்டாமணக்கு. வாய்க்காலே தெரியவில்லை. செல்வி வெட்ட, நான் கழியால் தள்ள, ஒரு முழம் போனால் அரை முழம் திரும்பி வந்தது. கை கொப்பளித்துவிட்டது. வெயில் இறங்க ஆரம்பித்தது. சவுரிராயன் கரையிலிருந்து, "போதுங்க, எறங்கிடுங்க. ஆழம் தெரியாம கால வுட்டுட்டோம்" என்றார். செல்வியே அருவாளைப் போட்டுவிட்டாள். எனக்கு அழுகை வந்தது சாந்தனு. நம் வீடு, அப்பா நட்ட மா மரம், எல்லாம் அந்தப் புதருக்குள் சிக்கிக்கொண்ட மாதிரி இருந்தது.

அப்போதுதான் செல்வி, "பொழுது போவுது, நீ மொதல்ல சாப்புடு. அப்புறம் ராவெல்லாம் பட்டினி கெடப்ப" என்றாள். சரியென்று சோற்றுத் தூக்கைத் திறந்தேன். பனை உச்சியில் சூரியன், கீழே படகில் புளிச்சாதம். வாசனைக்கு மல்லாட்டை தலையை வெளியே நீட்டியது. ஒரு கவளம் வைத்தேன். தின்றது. தின்றுவிட்டு, என்ன நினைத்ததோ, முன்னால் போய் நின்று புதரைப் பார்த்துக் குரைத்தது பார், அப்படி ஒரு குரைப்பு! களை எடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்த அத்தனை பெண்களும் என்னவோ ஏதோ என்று ஓடிவந்தார்கள். வந்தவர்கள் சும்மா நிற்கவில்லை. புடவையைச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கி, வெட்டி, படகை இழுத்து, சித்தேரியில் கொண்டுபோய் விட்டுவிட்டார்கள். "உன் புள்ளைக்கு எங்க பேரையும் எழுதுக்கா" என்றார்கள். பேர் கேட்க மறந்துவிட்டேன். அது ஒன்றுதான் மனசை உறுத்துகிறது.

ராத்திரி சித்தேரிக் கரையில் செல்வி நாத்தனார் வீடு. காலையில் சித்தேரி முழுக்கத் தாமரை. துடுப்பை உள்ளே எடுத்துவைத்துவிட்டுச் சும்மா மிதந்தோம். செல்வி மாதா கோயில் பாட்டுப் பாடினாள், நான் என் ஸ்தோத்திரம் சொன்னேன். ஒரு மீன் துள்ளிப் படகுக்குள் விழுந்தது. மல்லாட்டை மோந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தது. தயிர்சாதம் தின்று வளர்ந்த நாய் அல்லவா! நான் மீனைத் தண்ணீரில் விட்டேன். மீன் குத்தகைக்காரி தலையில் அடித்துக்கொண்டாள்.

அப்புறம் வாய்க்கால், அப்புறம் பனமலை ஏரி. மலைமேல் கோயில் தெரிந்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன். தலை சுற்றவில்லை. இப்போது மல்லாட்டை நடுங்கவில்லை, முன்னால் ராஜா மாதிரி நின்றது. கரை இதோ இதோ என்று வந்தது. ஜெயித்துவிட்டேன் என்று வாய்விட்டுச் சொல்லியும்விட்டேன்.

அந்த நேரம் பார்த்துத் தொபுக்கடீர் என்று குதித்துவிட்டது. வாளிக்குப் பயப்படுகிற நாய், கேன் இரண்டும் மிதக்க நீந்திக் கரையேறி, ஏரிக்கரைப் பனைகளுக்குள் ஓடிவிட்டது. கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வற்றியது. கொஞ்ச நேரம் கழித்துத் தானாகத் திரும்பி வந்தது, வாலை ஆட்டிக்கொண்டு, வாயோரம் பிஸ்கட் தூளோடு. யார் போட்டார்களோ.

"இதெல்லாம் எழுதாத ஜெயா. எறங்கிச்சின்னு மட்டும் எழுது, அவன் இன்னா வந்து பாத்தானா?" என்றாள் செல்வி. பொய் எழுதி வீட்டைக் காப்பாற்றி, அந்த வீட்டுக்குள் நான் எப்படி விளக்கேற்றுவது? குதித்தது குதித்ததுதான். இனி உன் இஷ்டம். ஆனால் சாந்தனு, நான் போனேன். பனமலை வரைக்கும் போனேன்.

அம்மா ஜெயமதி


பெங்களூரு
8.1.2026

என் அம்மாவுக்கு,

நீ தோற்கவில்லை.

பிஸ்கட் போட்டது நான்தான். சனிக்கிழமை ராத்திரியே காரை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன். பனமலைக் கரையில் உன்னைப் பிடித்து, அப்படியே காரில் ஏற்றி இங்கே கொண்டுவந்துவிட வேண்டும் என்று திட்டம். என்ன திட்டுவது என்று வழியெல்லாம் மனப்பாடம் பண்ணிக்கொண்டு வந்தேன். காலையிலிருந்து பனைகளுக்குப் பின்னால் நின்றேன்.

முதலில் உன் குரல்தான் வந்தது. "எடது பக்கம் இழுடி, கண்ணு எங்க கீது உனக்கு?" என்று செல்வி அத்தையைத் திட்டிக்கொண்டிருந்தாய். அப்புறம் நீ தெரிந்தாய். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கழியை ஊன்றி, நின்றுகொண்டே வந்தாய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அம்மாவைத்தான் இத்தனை மாதமும் என் மனசில் வைத்திருந்தேன். அந்த அம்மாவைக் காப்பாற்றத்தான் இவ்வளவு சண்டையும். படகில் வந்தது வேறு ஆள். மனப்பாடம் பண்ணியது ஒரு வரிகூட நினைவுக்கு வரவில்லை. அழுதுகொண்டு நின்றேன்.

அப்போது மல்லாட்டை என்னைக் கண்டுபிடித்துவிட்டது. அது பயந்து குதிக்கவில்லை அம்மா. என்னைப் பார்த்துத்தான் குதித்தது. கிணற்றில் விழுந்த குட்டி, எனக்காகத் தண்ணீரில் குதித்தது. மேலே ஏறி முகமெல்லாம் நக்கியது. கட்டிக்கொண்டேன். இதையா யாருக்காவது கொடு என்று எழுதினேன்! கையில் இருந்த பிஸ்கட்டைக் கொடுத்து, "போடா, அம்மாகிட்ட போ" என்று தள்ளிவிட்டேன். வெளியே வந்திருந்தால் உன் வெற்றிக்குள் நான் புகுந்ததாக ஆகியிருக்கும். அது உங்கள் மூவருடையது. அதனால் பேசாமல் போய்விட்டேன்.

மல்லாட்டை குதித்ததை நீ மறைத்திருந்தால்கூட நான் வாயைத் திறந்திருக்கமாட்டேன். எழுதிவிட்டாய். அக்ரிமெண்ட்காரருக்கு வீடு விற்பனைக்கு இல்லை என்று சொல்லிவிட்டேன். இனி அந்தப் பேச்சு இல்லை. காக்கா வெள்ளையாகிவிட்டது.

ஒரே ஒரு வேண்டுகோள். போனை எடு.

சாந்தனு


அனந்தபுரம்
12.1.2026

டேய் சாந்தனு,

உன் கடிதத்தை வேணிக்கும் செல்விக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். செல்வி அழுதுவிட்டு, "பாத்தியா, சாட்சியே அவன்தான்" என்றாள். தெருவுக்கே கேப்பைப் பாயசம் காய்ச்சி ஊற்றினேன். சித்தேரி வாய்க்காலுக்கும் ஒரு தூக்கு போயிருக்கிறது. சவுரிராயன் அந்தப் பெண்களின் பேரை விசாரித்துக்கொண்டு வருகிறார், உனக்கு எழுதி அனுப்புகிறேன்.

ஆனால் ஒன்று கேட்கிறேன். பனமலை வரைக்கும் வந்தவன் சோறு தின்னாமல் போனாயா? பெற்றவள் எதிரே படகில் நிற்கிறாள், தூக்கில் புளிச்சாதம் மீந்திருக்கிறது, நீ பனைக்குப் பின்னால் நிற்கிறாய்! மீந்ததை மீனுக்குப் போட்டோமடா. இந்தப் பந்தயத்தில் உன்மேல் எனக்கு இருக்கிற கோபம் இது ஒன்றுதான்.

பொங்கலுக்கு ப்ரியங்காவோடு வந்து சேர். ஏரி இன்னும் தளும்பிக்கொண்டுதான் இருக்கிறது. இனிமேல் கரையில் நிற்காதே, படகில் ஏறு. முன்னால் மல்லாட்டையின் இடம், அது யாருக்கும் விடாது. நீங்கள் இரண்டு பேரும் நடுவில் கையைக் கட்டிக்கொண்டு உட்காருங்கள். துடுப்பு நான் போடுவேன்.

இப்படிக்கு,
பனமலை வரை போய்வந்த
அம்மா