வலது மூணு

பிப்ரவரி 2

என் அருமைத் தங்கச்சிக்கு,

இங்கே நலம். நீயும் சர்வே ஆபீஸில் யாரையும் அழவைக்காமல் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

நம்ம பந்தயக் கார் மஞ்சக்குருவியைப் பார்த்தால் உனக்கு அடையாளமே தெரியாது. பழைய நாலு கியர் பெட்டி போயே போச்சு. ஐந்து கியர் பெட்டி உட்கார்ந்தாயிற்று. சும்மா உட்காரவில்லை! தரைத் தகட்டைச் சுத்தியலால் அடித்து இடம் பண்ணினேன். பின்னால் போகும் ஷாஃப்ட் நீளமாகிவிட்டது, லேத்துக்காரரிடம் வெட்டிச் சமன் பார்த்து வாங்கி வந்தேன். பின் அச்சில் புது டிஃபரென்ஷியல். மண்ணில் ஒரு சக்கரம் மட்டும் வெட்டியாகச் சுற்றுமே, அந்தக் கதை முடிந்தது. இப்போது இரண்டும் சேர்ந்து தள்ளுகிறது.

பெரிய விஷயத்தைக் கடைசிக்கு வைத்திருக்கிறேன். ஸ்டீயரிங் பாக்ஸைக் கழற்றிவிட்டு, சக்கரத்தைச் சட்டென்று திருப்பும் ராக் என்ற பல்சட்டம் வைத்துவிட்டேன். மூன்று பங்கு திருப்பிய இடத்தில் இரண்டு பங்கு போதும். உன் அண்ணி, "கட்டின பொண்டாட்டி கூப்பிட்டா திரும்பாத மனுஷனுக்குக் கார் மட்டும் தொட்டா திரும்பணுமாக்கும்" என்கிறாள்.

ஒரு சின்னக் குறை. மலைப்பாதையை முன்கூட்டி ஓட்டிப் பார்க்கக் கொடுத்த நாளில் கியர் பெட்டி மேஜைமேல் பிரிந்து கிடந்தது, போக முடியவில்லை. பரவாயில்லை, அதே பாதைதான். போன வருஷம் நீ எழுதி, பக்கத்தில் உட்கார்ந்து வளைவுக்கு வளைவு எனக்கு வாசித்த குறிப்புகள் இருக்கின்றனவே. இருபத்தேழாம் தேதி பந்தயம். இரண்டு நாள் முன்னதாக வந்துவிடு.

கிரீஸ் கையோடு,
உன் அண்ணன்

பிப்ரவரி 8

அன்புள்ள அண்ணா,

கியர் பெட்டி சமாச்சாரத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன், சந்தோஷம். ஸ்டீயரிங் சமாச்சாரத்தை ஒரு தடவைதான் படித்தேன். உடனே பேனாவை எடுத்துவிட்டேன்.

நிஜமாகவே நீ யோசிக்கவில்லையா? நம் குறிப்பில் இருக்கும் எண் வளைவின் அளவா? உன் கையின் அளவு! ஸ்டீயரிங்கின் உச்சியைப் பன்னிரண்டு மணி என்று வைத்து, அங்கிருந்து உன் கை எந்தப் பக்கம் எத்தனை மணி தள்ளிப் போகிறதோ அதைத்தானே எழுதினோம்? "வலது மூணு" என்று நான் கத்தினால் உன் கை மூன்று மணிக்குப் போகும். மற்ற ஜோடிகள் சிரித்தார்கள், நமக்கு அது ஒத்து வந்தது. இப்போது புது ராக்கில் அதே மூன்றுக்குப் போனால் கார் உள்பக்கப் பாறையில் முட்டும். அத்தனை எண்ணும் பொய்யாகிவிட்டது, அண்ணா. அந்தப் பாதையில் ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் ஒன்றுமே கிடையாது.

பழைய பாக்ஸைத் திரும்ப மாட்டு. இல்லாவிட்டால் கையில் காலில் விழுந்தாவது இன்னொரு நாள் பாதையை ஓட்டிப் பார்க்க அனுமதி வாங்கு. இரண்டும் முடியாதென்றால் நான் வண்டியில் உட்கார மாட்டேன். இதை அண்ணியிடமும் சொல்.

உன் தங்கை

பிப்ரவரி 13

கணக்குப்புலிக்கு,

பழைய பாக்ஸ் இனி ஏறாது. அது உட்கார்ந்த இடத்தையே வெட்டி எடுத்துவிட்டேன். அனுமதியும் கேட்டாயிற்று, முகத்தில் அடித்தாற்போல் இல்லை என்றார்கள்.

ஆறு வருஷமாக உன் குரலைக் கேட்டு ஓட்டுகிறவன் நான். கை பழகிவிடும். வண்டி என் பாடு, வாசிப்பது உன் பாடு. நீ எப்போதிலிருந்து என் கைக்கு மேலதிகாரி ஆனாய்? சின்ன வயசில் சைக்கிள் முன்கம்பியில் உட்கார்ந்துகொண்டு "பிரேக் புடி, பிரேக் புடி" என்று என் காதைக் கிழிப்பாயே, அதே குணம்.

வர இஷ்டமில்லாவிட்டால் விடு. உன் அண்ணி உட்காருகிறேன் என்கிறாள். குறிப்புகளை மட்டும் அனுப்பு. போன் பண்ணாதே. நீ அழுதால் எனக்கு அப்புறம் ஒரு வேலையும் ஓடாது.

அண்ணன்

பிப்ரவரி 18

அண்ணா,

குறிப்புகள் இத்துடன் வருகின்றன. என் கிறுக்கல் அண்ணிக்குப் புரியாது, அதனால் முழுவதையும் புதிதாக எழுதியிருக்கிறேன். அண்ணி சொல்வதைக் கேட்டு ஓட்டு.

அண்ணிக்கு: ஒரு வளைவுக்குள் நுழையும்போதே அடுத்ததைச் சொல்லிவிடுங்கள். நடுவில் மூச்சு விட மறக்காதீர்கள். பெல்ட்டை நீங்களே இழுத்துப் பாருங்கள், அவனை நம்ப வேண்டாம்.

எனக்கு அழுகையெல்லாம் வரவில்லை. கோபம்தான். முழுசாகப் போய் முழுசாக வாருங்கள்.

தங்கை

பிப்ரவரி 22

கோபக்காரிக்கு,

கட்டு வந்து சேர்ந்தது. உன் அண்ணி என்னைத் தொடக்கூட விடவில்லை. "இது என் டிபார்ட்மென்ட், கைய எடுங்க" என்று பைக்குள் வைத்துப் பூட்டிக்கொண்டாள்.

நீ நினைக்கிற அளவுக்கு நான் மடையன் இல்லை. குவாரிப் பாதையில் தினமும் பயிற்சி எடுக்கிறோம். அவள் வாய்க்கு வந்த எண்ணைச் சொல்வாள், நான் மூன்றில் ஒரு பங்கைக் கழித்துவிட்டுத் திருப்புவேன். மூணு என்றால் ரெண்டு, ஆறு என்றால் நாலு. முதலில் புதருக்குள் போய்ப் போய் வந்தோம். இப்போது யோசிக்கவே வேண்டாம், கை தானாகக் கழிக்கிறது. மூன்று தட்டு எடுக்கச் சொன்னால் இரண்டுதான் எடுக்கிறேன் என்று உன் அண்ணி சிரிக்கிறாள்.

நாளை மறுநாள் மலைக்குக் கிளம்புகிறோம். முகாமில் போன் கிடையாது. நீ இல்லாமல் போவது ஒரு மாதிரியாகத்தான் இருக்கிறது, போ.

அண்ணன்

பிப்ரவரி 26

அண்ணா,

இதைப் படிக்காமல் வண்டியில் ஏறாதே.

எண்களை நான் மாற்றிவிட்டேன். அனுப்பிய குறிப்பில் இருப்பதெல்லாம் புது ராக்குக்கான எண்கள். மூன்றை இரண்டாக்கி, ஆறை நாலாக்கி, ஒவ்வொன்றாக மாற்றி எழுதினேன். சொன்னால் வீம்புக்கு வேண்டாம் என்பாய் என்றுதான் சொல்லவில்லை. வேகத்தில் நீ எங்கே யோசிக்கப் போகிறாய், காதில் விழுந்ததைக் கை செய்துவிடும் என்று நினைத்தேன். பயிற்சி எடுப்பாய் என்று நான் கண்டேனா? நீ எதற்காவது பயிற்சி எடுத்து யாராவது பார்த்ததுண்டா?

அண்ணி ரெண்டு என்பார்கள். நீ அதிலும் கழிப்பாய். வண்டி போதுமான அளவு திரும்பாது, நேராக வெளிப்பக்கம் போகும். அங்கே என்ன இருக்கிறது என்று உனக்கே தெரியும்.

உன் கடிதம் இப்போதுதான் கைக்கு வந்தது. பட்டறைக்குப் போன் பண்ணிப் பண்ணி விரல் வலிக்கிறது, எடுக்க ஆளில்லை. முகாமுக்கு டயர் ஏற்றிப் போகும் லாரி இங்கே கிடங்கில் நிற்கிறது. என்னையும் ஏற்றிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினேன், முன்னால் ஏற்கெனவே நெருக்கியடித்துக்கொண்டு ஆட்கள். கடிதத்தையாவது உன் கையில் கொடுக்கவேண்டும் என்று ஓட்டுநரிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன்.

கழிக்காதே, அண்ணா. ஐயோ, இல்லை, ஓட்டவே ஓட்டாதே.

தங்கை

மார்ச் 1

தங்கச்சி,

தந்தி கிடைத்திருக்கும். தந்தியில் அடங்காததை எழுதுகிறேன்.

லாரிக்காரர் சத்தியத்தைக் காப்பாற்றினார். கிளம்பும் கோட்டில் நிற்கும்போது ஓடிவந்து ஜன்னல் வழியாகத் திணித்தார். உன் கையெழுத்தைப் பார்த்ததும் இன்னொரு அதட்டல் என்று சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். முடித்துவிட்டுப் படிக்கலாம் என்று.

கொடி இறங்கியது. நாலாவது கியர் வரை ஏற்றினேன். முதல் வளைவு, வெளிப்பக்கம் கல்சுவர் இருக்குமே, அது. ஆறு வருஷமாக அது வலது மூணு. உன் அண்ணி கணீரென்று "வலது ரெண்டு" என்றாள். ஏதோ தப்பு என்று மனசுக்குத் தெரிவதற்குள் கை கழித்துவிட்டது. சுவர் எதிரே வருகிறது. பிரேக்கை மிதித்து, ஸ்டீயரிங்கை இழுத்ததில் பக்கவாட்டில் உரசிக்கொண்டே போய் நின்றது. அந்தப் பாதையில் வெளிப்பக்கம் சுவர் இருக்கும் வளைவு அது ஒன்றுதான்.

அப்புறம்தான் உன் கடிதத்தை எடுத்தேன். என்னால் பிரிக்க முடியவில்லை, உன் அண்ணிதான் வாசித்தாள். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், வளைவு வாசிக்கிற அதே குரலில். "கழிக்காதே, அண்ணா" என்ற இடத்தில் அவள் அழுதுவிட்டாள். நானும் அழுதேன், மறைப்பானேன்.

பந்தயத்தை அங்கேயே விட்டுவிட்டேன். இந்தக் கை இப்போது யார் சொன்னாலும் கழிக்கும். அவளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு அதைச் சோதித்துப் பார்க்க எனக்குத் தைரியமில்லை.

உன்மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன? நானும் அந்தக் கட்டைப் பிரித்து ஒரு பக்கம் பார்த்திருந்தால் குறைந்தா போயிருப்பேன்? உன் அண்ணி இருவரையும் சேர்த்தே வாங்கு வாங்கென்று வாங்கினாள்: "அண்ணனும் தங்கச்சியும் ஒருத்தர ஒருத்தர் காப்பாத்துறேன்னு நடுவுல என்னக் கொல்லப் பாத்தீங்களே!" இனி உட்கார மாட்டாளாம். அவள் காலுக்காகப் பின்னால் தள்ளிய சீட்டை, உன் காலுக்கு எட்டும் பழைய துளைக்கே கொண்டுவந்து முடுக்கிவிட்டேன்.

மறுநாள் பாதையைப் பொதுவில் திறந்துவிட்டார்கள். எவ்வளவோ கெஞ்சி உன் அண்ணியை ஏற்றிக்கொண்டு, நடக்கிற வேகத்தில் உச்சிவரை போனேன். அவள் வாசிக்க, நான் கையைக் கண்ணால் பார்த்துப் பார்த்துத் திருப்பினேன். பாதையைப் பார்க்காமல், ராக்கைத் தொடாமல், எங்கோ ஒரு மேஜையில் உட்கார்ந்து எழுதியிருக்கிறாய். அத்தனை எண்ணும் சரி. ஒன்றே ஒன்று தப்பு.

எது என்று எழுத மாட்டேன். வந்து உட்கார்ந்து நீயே கண்டுபிடி.

உன் அண்ணன்